அரைக் கிலோவுக்குள் ஒரு கேமரா

எங்க எதிர்வீட்டு சார் ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. போன தை மாசம் சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு காசி, ஹரித்துவார்னு பதினாலு நாள் டூர் போனாரு. போறதுக்கு முன்னாடி வெளிநாட்டுல இருக்கிற மகன் கேமரா வாங்கி அனுப்பியிருந்தான். கேமரா ஒண்ணு, லென்ஸ் மூணு, ஸ்டாண்டு ஒண்ணு, இதையெல்லாம் போட ஒரு பை. அந்தப் பையைத் தூக்கி ஆட்டோவுல வைக்கவே ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு. திரும்பி வந்து இறங்குறப்ப சாருக்குக் கழுத்துல வலிக்குப் போடுற பட்டை. படத்தையெல்லாம் காட்டுனாரு. பாதிப் படத்துல அவங்க வீட்டம்மா எங்கிட்டோ பாத்துக்கிட்டு உர்ருனு நிக்கிறாங்க. லென்ஸை மாத்தி முடிக்கிற வரைக்கும் வெயில்ல நிக்கச் சொன்னா யாருக்குத்தான் மொகம் நல்லா இருக்கும்.

"நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே மல்லிகாம்மா"ன்னாரு.

"நீங்க கேக்கவே இல்லையே சார்"னேன்.

"சரி, இப்பக் கேக்குறேன். ஊருக்குப் போறப்பவும் தெனமும் வெளிய போறப்பவும் கையில வச்சுக்கிற மாதிரி எதை வாங்குறது, எதை விடுறது, எழுதிக் குடுங்க. வாயால சொன்னா மறந்துருவேன்."

அவருக்காகத்தான் எழுத ஒக்காந்தேன். எழுத எழுத வேற எங்கெங்கயோ போயிருச்சு. அம்புட்டுப் பரீட்சைப் பேப்பரைத் திருத்துனவரு, இதையும் பொறுத்துக்குவாருன்னு நெனைக்கிறேன்.

அறந்தாங்கியில ஒரு ஸ்டூடியோவுல முப்பத்திரெண்டு வருசம் வேலை பாத்தேன். பன்னெண்டாவது முடிச்ச கையோட சேந்தது. மொத நாலு வருசம் பாஸ்போர்ட் போட்டோ வெட்டுறதுதான் வேலை. சவுதிக்கும் துபாய்க்கும் போற ஆளுங்க காலையிலேயே வந்து வரிசையில ஒக்காந்திருப்பாங்க. கதவுக்குப் பின்னால ஒரு கோட்டு தொங்கும். எல்லாருக்கும் அந்த ஒரே கோட்டுதான். ஒல்லியான ஆளுக்கு முதுகுப் பக்கம் துணி கிளிப்பைப் போட்டு இறுக்கிவிடுவேன். டார்க் ரூம், லைட்டு, பிரிண்டு எல்லாம் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். அதுல பெருசாச் சொல்ல ஒண்ணுமில்ல.

கேமரா என் கைக்கு வந்தது கடக்கரைப் பக்கத்து ஊருங்களால. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்கள்ல பொம்பளைங்க இருக்கிற எடத்துக்குள்ள ஆம்பளை போட்டோகிராபர் போக முடியாது. அப்ப அந்தச் சுத்துவட்டாரத்துல கேமரா புடிக்கிற பொம்பளைன்னு எனக்குத் தெரிஞ்சு வேற யாரும் கெடையாது. ஸ்டூடியோ முதலாளி பெரியசாமி அண்ணன் ஒருநாள், "நீ போறியாம்மா?"ன்னு கேட்டாரு. போறேன்னுட்டேன். யோசிச்சிருந்தா பயந்திருப்பேன்.

மொதக் கல்யாணத்துக்கு ஒரு தகரப் பொட்டி நெறையச் சாமான் குடுத்துவிட்டாங்க. ரெண்டு கேமரா, நாலு லென்ஸ், செங்கல் கனத்துல பிளாஷுக்கு ஒரு பேட்டரி. பஸ்ஸை விட்டு இறங்கி மணல்ல ஒரு கிலோமீட்டர் நடை. கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேந்தப்ப கை நடுங்குது. பொண்ணு படம் பாதிக்கு மேல ஆடிப்போச்சு.

அண்ணன் பிரிண்டையெல்லாம் மேசையில பரப்பி வச்சுப் பாத்தாரு. அவரு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. ஒரே ஒரு கேள்வி கேப்பாரு, அதுக்குப் பதில் சொல்றதுக்குள்ள நமக்கு வேர்த்துரும். அன்னிக்குக் கேட்டது, "பொட்டியை யாரு தூக்குனா?"

"நாந்தாண்ணே."

மறுநாள் காலையில அந்தப் பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துக் காய்கறிக் கடைக்குப் போனாரு. வெண்டைக்காயை எறக்கி வச்சுட்டுத் தராசுல ஏத்துனாரு. ஒம்பது கிலோ சொச்சம். "இனிமே ரெண்டரைக் கிலோவுக்கு மேல ஒன் தோள்ல ஏறக் கூடாது"ன்னு சொல்லிட்டாரு.

அன்னையிலேருந்து வெளிவேலைக்குப் போற நாளெல்லாம் என் பை அந்தத் தராசுல ஏறும். காய் வாங்க வந்தவங்க நின்னு வேடிக்கை பாப்பாங்க. "என்னா மல்லிகா, இன்னிக்கு என்ன விலை?"ன்னு ஒரு ஆத்தா தவறாமக் கேக்கும். எடை சரியா இருந்தாலும் அண்ணன் சும்மா விடமாட்டாரு. பைக்குள்ள கையை விட்டு ஏதாவது ஒண்ணை எடுத்துத் தன் மேசை டிராயர்ல போட்டுக்குவாரு. ஒருநாள் பெரிய லென்ஸ், ஒருநாள் குடை, ஒருநாள் பிளாஷ். சாயங்காலம் நான் திரும்பி வந்ததும், "அது இல்லாம என்ன போச்சு?"ன்னு கேப்பாரு. மொத வருசம் எனக்கு அவர் மேல அப்படி ஒரு எரிச்சல். ஆனா யோசிச்சுப் பாத்தா முக்காவாசி நாளு ஒண்ணும் போயிருக்காது. பெரிய லென்ஸ் இல்லாத அன்னிக்கு நாலு எட்டு முன்னால நடந்து போய் எடுத்திருப்பேன், அவ்வளவுதான்.

ஒருதடவை உபரி பேட்டரியை எடுத்து வச்சுக்கிட்டாரு. அரிமளத்துல ஒரு வளைகாப்பு. வளையல் போட ஆரம்பிச்ச நேரத்துல கேமரா செத்துப்போச்சு. அன்னிக்குச் சாயங்காலம் அவரு கேக்குறதுக்கு முன்னாடி நானே கத்திட்டேன். அண்ணன் டிராயரைத் தொறந்து பேட்டரியை எடுத்து என் கையில வச்சாரு. "இது என் தப்பு. பேட்டரியை இனிமே தொடமாட்டேன்"னாரு. கடைசி வரைக்கும் தொடவே இல்ல. அந்த வளைகாப்பு வீட்டுக்கு அவரே சைக்கிள்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாருன்னு ரொம்ப நாள் கழிச்சு வேற ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சார், இதுதான் மொதப் பாடம். பையில இருக்கிறதுல தெனம் ஒண்ணை வீட்ல வச்சுட்டுப் போய்ப் பாருங்க. சாயங்காலம் அது இல்லாம என்ன போச்சுன்னு நீங்களே ஒங்களைக் கேட்டுக்கங்க. மாசக் கடைசியில எது மிஞ்சுதோ அதுதான் ஒங்களுக்கு வேண்டிய சாமான்.

எனக்கு மிஞ்சுனது ஒரு கேமரா, ஒரே ஒரு சின்ன லென்ஸ், ரெண்டாவது பேட்டரி, லென்ஸைத் தொடைக்க ஒரு பழைய வேட்டித் துணி. தூரத்துல உள்ளதை இழுத்துக் காட்டுற லென்ஸ் எங்கிட்டயும் இருந்துச்சு. இழுக்குறதுக்குத் திருப்புற வளையத்தை ஒரு எடத்துல நிறுத்தி, திரும்பாத மாதிரி காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரியைச் சுத்தி ஒட்டிட்டேன். ஒரு மாசம் பிரிக்கவே தோணல. அப்பறம் அது எதுக்கு.

பிலிம் போய் டிஜிட்டல் வந்து நல்லா ஊணுன பிறகுதான் எனக்குன்னு சொந்தமா ஒரு கேமரா வாங்கணும்னு ஆசை வந்துச்சு. ஸ்டூடியோ கேமரா வேலைக்கு. இது எனக்கு. ரெண்டு கேமரா மனசுல இருந்துச்சு. ஒண்ணு லென்ஸோட சேத்து ஒரு கிலோவுக்கு மேல, இன்னொண்ணு அரைக் கிலோவுக்குள்ள. கடைக்காரரு பெருசைத்தான் வாங்கச் சொன்னாரு. நான் வீட்டுக்கு வந்து பொன்னி அரிசியை எடுத்து, பெரிய கேமரா எடைக்கு ஒரு பொட்டலம், சின்ன கேமரா எடைக்கு ஒரு பொட்டலம் கட்டுனேன். மொத வாரம் பெரிய பொட்டலம். சாப்பாட்டு டப்பா, தண்ணி பாட்டில், குடை இதுங்களோட தெனமும் அதையும் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறுனேன். திங்க, செவ்வாய் தூக்கிட்டேன். புதன்கிழமை காலையில, இன்னிக்கு ஒருநாள் வேணாமேன்னு அடுப்படியிலேயே வச்சுட்டுப் போயிட்டேன். ரெண்டாவது வாரம் சின்னப் பொட்டலம். சனிக்கிழமை வரைக்கும் அது பையில கெடந்ததே தெரியல. ஞாயித்துக்கிழமை அந்த அரிசியைச் சோறு வடிச்சுட்டு, திங்கக்கிழமை போய்ச் சின்னதை வாங்கிட்டேன். அரிசிப் பொட்டலத்தைத் தூக்கிக்கிட்டு அலையிறாளேன்னு எங்க வீட்டுக்காரரு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாரு. சிரிக்கட்டும். புதன்கிழமை வீட்ல விட்டுட்டுப் போற எடை நமக்கு ஆகாது சார்.

கேமரா பைன்னு தனியா வாங்கவும் வேணாம். நான் ஜவுளிக்கடைத் துணிப்பையில ஒரு துண்டைச் சுத்தி உள்ள வச்சுக்குவேன். மழைக்கு ரொட்டி வர்ற பாலிதீன் கவர். பஸ்ல பக்கத்துல ஒக்காந்திருக்கிறவங்களுக்கு நான் சந்தைக்குப் போறேனா வேலைக்குப் போறேனான்னு தெரியாது. அந்தக் கேமராவுல நான் எடுத்தது எதுவும் எந்த ஆல்பத்துலயும் ஏறாது. கல்யாண வீட்டு வாசல்ல குமிஞ்சு கெடக்கிற செருப்பு, கழுவிக் கவுத்த பிரியாணி அண்டா, பஸ் ஜன்னல்ல தூங்குற ஆளுங்க. சும்மா ஒரு சந்தோசம்.

அதை நான் வாங்குனதைப் பாத்துட்டு பெரியசாமி அண்ணன் ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "வாசலுக்கு வெளிய என்னமோ எடுத்துக்க. பொம்பளைங்க இருக்கிற எடத்துல ஒன் கேமரா பையை விட்டு வெளிய வரக் கூடாது."

அதுக்குக் காரணம் உண்டு. அந்த வீடுகள்ல எங்க வேலைக்குன்னு ஒரு மொறை இருந்துச்சு. உள்ள போனதும் பையை நடுக்கூடத்துல வச்சு எல்லாரும் பாக்கத் தொறந்து காட்டணும். படம் வேணாங்கிறவங்க வலது சுவரு ஓரமா ஒக்காந்துக்குவாங்க. அங்கிட்டு நான் கேமராவைத் திருப்பவே மாட்டேன். சும்மா இருக்கிறப்ப லென்ஸ் தரையைப் பாத்துத்தான் இருக்கணும். எல்லாம் முடிஞ்சதும் பிலிம் காலத்துல ரோலை, அப்பறம் மெமரி கார்டைக் கழட்டிப் பொண்ணோட அம்மா கையில குடுத்துரணும். அவங்க அதைக் கைக்குட்டையில முடிஞ்சு பீரோவுல வச்சுப் பூட்டுவாங்க. பிரிண்டு போடணும்னா அவங்களே கார்டோட வந்து, முடியிற வரைக்கும் ஸ்டூடியோவுல ஒக்காந்திருந்து, திருப்பி வாங்கிட்டுப் போவாங்க. எங்ககிட்ட ஒரு படம் தங்காது. இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல மல்லிகாவை வீட்டுக்குள்ள விட்டதுக்கு என் கைத்திறமை காரணம் இல்ல. மல்லிகா எதையும் வச்சுக்க மாட்டாங்கிற பேருதான்.

அந்தப் பேரை நானே ஒருநாள் கெடுத்துக்கிட்டேன்.

கோட்டைப்பட்டினம் பக்கத்துல ஒரு ஊரு. ஜீனத்தம்மான்னு ஒருத்தங்க. அவங்க தங்கச்சி கல்யாணத்துலேருந்து அந்த வீட்டுக்கு நான் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கேன். அவங்க மூத்த மக நஸ்ரினுக்குக் கல்யாணம். மத்த வீடுகள்ல மாப்பிள்ளையும் பொண்ணும் சேந்து நிக்கிற படம் ஒண்ணு ரெண்டாவது எடுப்பாங்க. இந்த வீட்ல நஸ்ரினோட பெரியத்தா, அதாவது பெரியப்பா, கண்டிப்பானவரு. சேத்து வச்சு எடுக்கவே கூடாதுன்னுட்டாரு. செல்போனையெல்லாம்கூட ஒரு கூடையில வாங்கி வச்சாச்சு. மாப்பிள்ளையைப் பள்ளிவாசல்ல நிக்காஹ் முடிஞ்சதும் ஆம்பளை போட்டோகிராபர் எடுத்தாரு. பொண்ணை வீட்ல நான் எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குள்ள வந்து கருகமணி கட்டுறப்பவும் என் கேமரா தரையைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

எல்லாம் முடிஞ்சு எனக்குக் கொல்லைப்புறத்து நடையில சோறு போட்டாங்க. எதுத்த அறையில மாப்பிள்ளையையும் பொண்ணையும் ஒரே தட்டுல சாப்பிட ஒக்கார வச்சிருந்தாங்க. பொண்ணு தலையில தொங்குன பூச்சரம் மாப்பிள்ளையோட வாட்ச்ல மாட்டிக்கிச்சு. அவன் கையை இழுக்குறான், இவ தலையும் கூடவே போகுது. ரெண்டு பேரும் காலையிலேருந்து ஒருத்தரை ஒருத்தரு நிமிந்துகூடப் பாக்கல. இப்ப நெத்தியும் நெத்தியும் முட்டுற தூரத்துல சத்தம் வராமச் சிரிக்கிறாங்க. கொல்லைக் கதவு வழியா வந்த வெளிச்சம் நேரா மொகத்துல. நான் சாப்பிட்ட கையை முந்தானையில தொடச்சேன். பையிலேருந்து என் கேமரா வெளிய வந்துருச்சு. ஒரே ஒரு படம். யாரும் பாக்கல.

ஸ்டூடியோ கார்டை எப்பவும் போல ஜீனத்தம்மா கையில குடுத்தேன். என் பையில இருந்ததைப் பத்தி வாயைத் தொறக்கல. அன்னிக்கே அழிச்சிருக்கணும். நாளைக்கு அழிக்கலாம், நாளைக்கு அழிக்கலாம்னு இருந்துட்டேன். நான் எடுத்ததுலயே நல்ல படம் அது. மனசு வரல.

வருசம் ஒண்ணு ஆச்சு. மாப்பிள்ளை ஏதோ ஒரு குளிர் தேசத்துல வேலை. நடுவுல ஒரு தடவை லீவுல வந்துட்டுப் போயிட்டான். நஸ்ரினைக் கூட்டிக்கிட விசாவுக்கு எழுதிப் போட்டாங்க. ஒருநாள் ஜீனத்தம்மா வேர்க்க விறுவிறுக்க ஸ்டூடியோவுக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டுனாங்க. கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேரும் சேந்து இருக்கிற படம் வேணும், இல்லைன்னா இந்தக் கல்யாணத்தை நம்ப முடியாதுன்னு அந்த நாட்டுலேருந்து எழுதியிருந்துச்சு. செல்போன்ல ரெண்டு பேரும் இருக்கிற படம் ஆயிரம் கெடக்கு. எல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தது. பதில் அனுப்ப இன்னும் பன்னெண்டு நாள்தான் பாக்கி. நஸ்ரினுக்கு அஞ்சாவது மாசம். ரொம்ப மாசம் ஏறிட்டா விமானத்துல ஏத்த மாட்டாங்க. அப்பறம் புள்ளை பொறந்து, அதுக்கும் சேத்து முதல்லேருந்து எழுதிப் போட்டு, எந்தக் காலத்துல போய்ச் சேருறது.

"பள்ளிவாசல்ல எடுத்ததையும் வீட்ல எடுத்ததையும் ஒண்ணா ஒட்டிக் குடுங்க. போன வருசம் எங்க எதுத்த வீட்டுக்கு ஒட்டிக் குடுத்தீங்களே"ன்னாங்க ஜீனத்தம்மா.

குடுத்தது வாஸ்தவம்தான். துபாயில இருக்கிற ஆம்பளையைக் குடும்பப் படத்துல ஒட்டிக் குடுக்குறது எங்களுக்கு வாடிக்கை வேலை. பெரியசாமி அண்ணன் அவங்க கொண்டாந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுனாரு. "அது சுவத்துல மாட்டுறதுக்கும்மா. இது சர்க்காருக்கு. மாப்பிள்ளை மேல வெளிச்சம் இங்கிட்டிருந்து விழுது, பொண்ணு மேல அங்கிட்டிருந்து விழுது. கண்டுபிடிச்சாங்கன்னா ஒங்க மக ஆயுசுக்கும் அந்த நாட்டுல கால் வைக்க முடியாது."

ஜீனத்தம்மா எழுந்து போனாங்க. வாசல்ல செருப்பைப் போடக்கூடத் தடுமாறுனாங்க. நான் கவுன்டருக்கு உள்ள மரம் மாதிரி நின்னேன்.

மறுநாள் காலையில என் பை தராசுக்குப் போறதுக்கு முன்னாடி அண்ணன் மேசையில என் கேமராவைத் தனியா எடுத்து வச்சேன். "அண்ணே, எங்கிட்ட ஒரு படம் இருக்கு."

அவரு கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "வெளிச்சம் எங்கிட்டிருந்து?"

"கொல்லைக் கதவுண்ணே."

"எத்தனை எடுத்தே?"

"ஒண்ணுதாண்ணே."

கேமராவை என் பக்கம் நகத்தி வச்சாரு. "இதைக் குடுத்தா அந்தத் தெருவுல நம்மளை இனிக் கூப்பிட மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும்ணே."

"குடுக்கலைன்னா?"

நான் கேமராவை எடுத்துப் பைக்குள்ள வச்சேன். "பத்தரை வண்டிக்குப் போயிரு. நான் வரல. நீ எடுத்தது, நீயே சொல்லு"ன்னு சொல்லிட்டு காய்கறிக் கடைப் பக்கம் போயிட்டாரு.

பஸ்ல ஒக்காந்து பொய் தேடுனேன். நல்ல பொய்யா ஒண்ணு கெடைச்சுச்சு. பிரிண்டு போட்டப்ப ஸ்டூடியோ கம்ப்யூட்டர்ல ஏத்தி அழிச்ச படத்தை மீட்டு எடுத்தோம்னு சொல்லிரலாம். யாருக்கும் தெரியாது. கட்டுமாவடி தாண்டுனதும்தான் உறைச்சுது. அழிச்ச படத்தை மீட்டுரலாம்னு ஒரு வீட்டுக்குத் தெரிஞ்சா போதும், இத்தனை வருசத்துல நான் போன அம்புட்டு வீட்டுப் பொம்பளைங்களும் தூக்கம் கெட்டுப் போவாங்க. அதுக்கு என் ஒருத்தி பேரு போறது எவ்வளவோ தேவலை.

ஜீனத்தம்மா கட்டில்ல ஒக்காந்திருந்தாங்க. நஸ்ரின் தரையில காலை நீட்டிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. நான் சுத்தி வளைக்கல. "அன்னிக்கு உங்களைக் கேக்காம என் சொந்தக் கேமராவுல ஒரு படம் எடுத்தேன். உங்ககிட்ட சொல்லாம வச்சுக்கிட்டேன். தப்புதான்"னு சொல்லிக் கேமராவை நீட்டுனேன்.

நஸ்ரின்தான் மொதல்ல வாங்குச்சு. பாத்துச்சு. அப்பறம் சிரிச்சுச்சு, சிரிச்சுக்கிட்டே அழுதுச்சு. "ம்மா, அந்த வாட்ச்சும்மா. அந்த வாட்ச்சைப் பாரும்மா."

ஜீனத்தம்மா வாங்கிப் பாத்தாங்க. மொகத்துல ஒண்ணும் தெரியல. "இன்னும் எத்தனை வச்சிருக்கே?"ன்னாங்க.

"இது ஒண்ணுதான்."

"ஒன்னைய நம்பித்தான மல்லிகா கதவைத் தொறந்துவிட்டோம். என் தங்கச்சி, என் நாத்தனா மக, எத்தனை பொம்பளைங்க ஒன் முன்னாடி முக்காடு இல்லாம ஒக்காந்திருக்காங்க." சத்தமாப் பேசல. அதுதான் தாங்க முடியல. அந்தக் கோவம் நியாயமான கோவம்.

"இதுல உள்ளது பூராவையும் பாருங்க"ன்னு எப்படி நகத்துறதுன்னு காட்டிக் குடுத்தேன். அவங்களும் விடல, ஒண்ணொண்ணாப் பாத்தாங்க. செருப்பு, செருப்பு, அண்டா, பஸ் ஜன்னல், திரும்பச் செருப்பு. பெரியசாமி அண்ணன் மத்தியான நேரம் வாயைப் பொளந்து தூங்குறது ஒண்ணு. பாதியில நிறுத்தி, "இது எங்க வீட்டு அண்டால்ல?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். "இதையெல்லாம் எதுக்குடி எடுக்குறே?"ன்னாங்க. எனக்கே தெரியலைன்னேன். நஸ்ரின் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. ஜீனத்தம்மா சிரிக்கல. கடைசிப் படம் வரைக்கும் பாத்து முடிச்சுட்டுத்தான் கீழ வச்சாங்க.

அந்தப் படத்தை நஸ்ரின் போனுக்கு ஏத்தி, அங்கேயிருந்தே விசா ஏஜெண்டுக்கு அனுப்புனோம். அஞ்சு நிமிசத்துல அவரு கூப்பிட்டாரு. "படம் அருமைங்க. ஆனா பின்னாடி காலண்டர்ல தேதி மூணு நாளைக்கு முந்தி இருக்கே."

ஜீனத்தம்மா போனைப் புடுங்குனாங்க. "கல்யாண வீட்ல யாருங்க காலண்டர் கிழிச்சுக்கிட்டு இருப்பா? அதையும் சேத்து எழுதுங்க." ஏஜெண்டு அந்தப் பக்கத்தை வெட்டிரலாமான்னு கேட்டாரு. ஒரு நூலுகூட வெட்டக் கூடாது, எடுத்தது எடுத்தபடி போகட்டும்னு நான் சொல்லிட்டேன்.

அனுப்பி முடிஞ்சதும் ஜீனத்தம்மா கேமராவை என் கையில குடுத்து, "இப்ப என் கண்ணு முன்னாடி அழி"ன்னாங்க. அழிச்சேன். பொத்தானை அமுக்குறப்ப கை நல்லாத்தான் இருந்துச்சு. பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் அழுகை வந்துச்சு.

விசா வந்துருச்சு. ஏழாவது மாசம் பொறக்குறதுக்குள்ள நஸ்ரின் விமானம் ஏறிருச்சு. அதை ஏஜெண்டு சொல்லித்தான் நான் கேள்விப்பட்டேன். அந்த வீட்டுலேருந்து ஒரு போன் இல்ல. அந்தத் தெருவுலேருந்தும் இல்ல. ரெண்டு மூணு கல்யாணம் நடந்துச்சுன்னு காதுல விழுந்துச்சு, யாரும் என்னைக் கூப்பிடல. தோள்வலியும் கூடிப்போச்சு. இதோட போதும்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அந்த மாசத்தோட வேலையை விடுறதா முடிவு.

கடைசி வாரம் ஜீனத்தம்மா ஸ்டூடியோ வாசல்ல வந்து நின்னாங்க. ரெண்டாவது மகளுக்குத் தேதி வச்சாச்சாம். "வர்ற மாசம் பதினெட்டு. நீ வரணும்"னாங்க.

"நான் இந்த மாசத்தோட நிக்கிறேங்க. தோள்ல தூக்க முடியல."

"யாரு ஒன்னையத் தூக்கச் சொன்னா? பெருசு ஒண்ணும் வேணாம். அந்தச் சின்னக் கேமரா ஒண்ணு போதும்."

பக்கத்துல அண்ணன் பேப்பரை விரிச்சு மொகத்தை மறைச்சுக்கிட்டாரு. சிரிப்புல பேப்பர் ஆடுச்சு.

ரிட்டயர் ஆனதுக்கப்பறம் நான் எடுத்த ஒரே கல்யாணம் அதுதான். துணிப்பை, ஒரு கேமரா, ரெண்டு பேட்டரி. தராசுல ஏத்த அவசியமே இல்ல. நடுக்கூடத்துல பையைத் தொறந்து காட்டுனேன். வலது சுவரு ஓரத்துல ஏழெட்டுப் பேரு ஒக்காந்திருந்தாங்க, அங்கிட்டுத் திரும்பல. மாப்பிள்ளை உள்ள வந்தப்ப ஜீனத்தம்மாவே அவரு முழங்கையைப் புடிச்சு மக பக்கத்துல நிக்க வச்சாங்க. பெரியத்தா வாசல் பக்கம் நின்னுக்கிட்டு, "ஒண்ணு, ரெண்டோட முடிங்க"ன்னாரு. அஞ்சு எடுத்தேன். அவரு எண்ணுனாரு, ஆனா ஒண்ணும் சொல்லல.

சாயங்காலம் எப்பவும் போல கார்டைக் கழட்டி ஜீனத்தம்மா கையில வச்சேன். கைக்குட்டையில முடிஞ்சாங்க. பீரோகிட்டப் போனாங்க. அங்க என்னமோ யோசிச்சுக்கிட்டு நின்னாங்க. திரும்பி வந்து முடிச்சை அவுத்து, கார்டை என் கையிலேயே திரும்ப வச்சாங்க.

"நீயே வச்சிரு மல்லிகா. போன தடவை நான் பூட்டி வச்சதுல ஒண்ணுகூட ஒதவல."